கடைசியில் வருபவரின் வேகம்

மாரடைப்பிலிருந்து மீண்டு வீடு திரும்பியவர்கள், மறுபரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் மாத்திரையையும் உணவையும் பற்றியவை. "இனி நான் நாலு பேருடன் வெளியே சென்று மகிழ்ந்திருக்கலாமா?" என்று கேட்பவர் குறைவு. அவ்வாறு கேட்க ஒருவர் வாயெடுத்தாலும், உடன் வந்த மனைவியோ மகனோ "அதெல்லாம் இனி வேண்டாம்" என்று முந்திக்கொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறோம். அந்த அச்சம் அன்பில் பிறப்பது, குறைகூறத் தக்கதன்று. ஆயினும் அது நோயாளியை நான்கு சுவர்களுக்குள் நிறுத்திவிடுகிறது. மாரடைப்புக்குப் பின் ஏறத்தாழ ஐவரில் ஒருவரை மனச்சோர்வு பற்றுகிறது. மனம் சோர்ந்தவர் நாளடைவில் மருந்தையும் நடைப்பயிற்சியையும் கைவிடுகிறார்.

ஆகவே, உலகின் சில நகரங்களில் மக்கள் கூட்டமாக மிதிவண்டி ஓட்டி மகிழும் வழக்கத்தை இம்முறை பாடமாக எடுத்துக்கொண்டுள்ளோம்.

தெருவைத் திறந்த நகரம்

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் தலைநகரம் போகோட்டா. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் அமைந்த பெருநகரம் அது. 1974 டிசம்பர் 15 அன்று, தெருக்கள் மோட்டார் வாகனங்களுக்கு மட்டும் உரியவை அல்ல என்று காட்ட, அந்நகரத்தார் ஆயிரக்கணக்கில் மிதிவண்டிகளுடன் திரண்டனர். அன்று தோன்றிய வழக்கம் 'சிக்லோவியா' என்ற பெயரில் இன்றும் தொடர்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை நாள்களிலும் காலை 7 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகளில் மோட்டார் வாகனங்கள் விலக்கப்படுகின்றன.

அங்கே வருபவர் அனைவரும் பயிற்சி பெற்ற வீரர்கள் அல்லர். குழந்தைகளும் முதியோரும் வருகின்றனர்; சக்கர நாற்காலியில் அமர்ந்து வருவோரும் நாயைப் பிடித்து நடப்போரும் உள்ளனர். ஓரத்தில் பழச்சாறு விற்கிறார்கள். டயருக்குக் காற்றடித்துத் தருகிறார்கள். பூங்காக்களில் இசையோடு கூடிய இலவச உடற்பயிற்சி வகுப்பு நடக்கிறது. டிசம்பரில் கிறிஸ்துமஸ் விளக்குகள் ஒளிரும் இரவொன்றிலும் சாலைகள் இவ்வாறே திறக்கப்படுகின்றன. இம்முறையைப் பின்பற்றி 2013-இல் ஹரியானாவின் குர்கான் நகரில் 'ராஹ்கிரி நாள்' தொடங்கப்பட்டது.

யாரையும் விட்டுச் செல்லாத சவாரி

அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் கோடைக்காலத்தில் 'பெடல்பலூசா' என்னும் மிதிவண்டித் திருவிழா நடைபெறுகிறது. அங்கே யார் வேண்டுமானாலும் ஒரு சவாரியை அறிவிக்கலாம். வேடமணிந்து செல்லும் சவாரி, பாட்டுக் கேட்டபடி செல்லும் சவாரி என அவை பலவகை. வேகம் அங்கே பெருமையன்று, உடன்செல்வதே இன்பம்.

இத்தகைய கூட்டுச் சவாரிகள் பலவற்றில் ஓர் அருமையான நெறி உண்டு: ஒருவரையும் விட்டுச் செல்லக்கூடாது. வழியறிந்த ஒருவர் முன்னே செல்வார். பொறுப்பான மற்றொருவர் எல்லாருக்கும் பின்னே வருவார். திருப்பங்களில் முன்னவர்கள் நின்று காத்திருப்பார்கள். கூட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பவர் கடைசியில் வருபவரே. நோயிலிருந்து மீள்பவருக்கு ஏற்ற நெறி இதுவே என்று கருதுகிறோம்.

உடலுக்கான பாடம்

நலமுற்ற பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பு மேற்கொள்ள வேண்டும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் பரிந்துரை. நோயாளிக்கு இது உடனடி இலக்கன்று. மருத்துவரின் ஒப்புதலுக்குப் பின், பத்து நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவதே முறை.

மிதமான வேகம் எது? மிதிக்கும்போது உடன்வருபவரோடு பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியாது. பேச்சே தடைபட்டால் வேகம் மிகுதி. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொள்வோருக்கு நாடித்துடிப்பு எளிதில் உயராது. எனவே கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்புவதைவிட இந்தப் பேச்சுச் சோதனையை நம்புவது நன்று.

பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்க்கு மார்பெலும்பு கூடுவதற்கு இரண்டு, மூன்று மாதங்கள் ஆகலாம். அதுவரை கைப்பிடியில் உடற்பாரத்தை ஊன்றி ஓட்டுவதும், விழ நேரும் சாலையில் ஓட்டுவதும் தகாது. பின்னரும் முதலில் நிலைமிதிவண்டி, அடுத்து வாகனமற்ற மைதானம், அதன் பிறகே தெரு.

இன்சுலின் போடுவோர் கிளம்பும் முன் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, தடுமாற்றம் தோன்றினால் உடனே இறங்கி அதை உண்ண வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர் தலைக்கவசமின்றி ஏறலாகாது. தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிடினும் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம், மிகுந்த மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நிறுத்தி அமருங்கள். உடன் இருப்பவர் தாமதமின்றி 108-ஐ அழைக்க வேண்டும். நாங்கள் கூட்டமாகச் செல்லச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

குடும்பத்தாருக்கு

நோயாளியைத் தடுப்பதும் விரட்டுவதும் ஆகிய இரண்டுமே அவரைத் தனிமைப்படுத்தும். "அப்பா, எவ்வளவு தூரம் போகலாம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டு, அவருக்குப் பின்னே ஒருவர் வாருங்கள். மிதிவண்டி இயலாதவர்க்கு விடியற்காலைக் கடற்கரை நடையோ, கோயில் தேரோட்டத்தில் நிழலான இடத்தில் நாற்காலியிட்டு அமர்வதோ போதும். வெயில் ஏறும் முன் திரும்பிவிடுவது நல்லது.

அடுத்த முறை வரும்போது மூன்று வினாக்களை எழுதிக்கொண்டு வாருங்கள். நான் எவ்வளவு நேரம் மிதிக்கலாம்? என் மருந்துகளால் எதில் கவனம் வேண்டும்? எந்த அறிகுறி தோன்றினால் நிறுத்த வேண்டும்? இம்மூன்றையும் நோயாளியே கேட்கட்டும். உடன் வருபவர் சற்றுப் பொறுத்திருக்கட்டும். விடைகூற நாங்கள் காத்திருக்கிறோம்.