அப்பாவின் ஹார்னெட்டைப் பிரிக்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, அது ஹார்னெட்தான். பொருளறையின் மேல்தட்டில், பழைய தலையணை உறைக்குள் இத்தனை வருடம் தூங்கியிருக்கிறது. உன் அப்பா பள்ளியில் படித்தபோது, 1986-இல், பகுதிநேர வேலைச் சம்பளத்தைச் சேர்த்து வாங்கிய ரிமோட் வண்டி. சாமி படத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி வைத்துவிட்டு மறுநாள்தான் பெட்டியைப் பிரித்தான்.

"உள்ளே இருக்கிற பழசையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசாக மாட்டிவிடலாமா பெரியப்பா?" என்று கேட்டிருந்தாய். மாட்டலாம். தூக்கிப் போடக் கூடாது. மின்சாரம் ஓடுகிற பாகங்களை மாற்று. கண்ணுக்குத் தெரிகிற பாகங்களையும் உன் அப்பாவின் கைபட்ட இடங்களையும் அப்படியே விட்டுவிடு. எதை மாற்றினாலும் ஒரு மணி நேரத்தில் பழையபடி ஆக்க முடிகிற மாதிரி மாற்று. புது ஓட்டை போடாதே, எதையும் அறுக்காதே, பசை ஊற்றாதே. கழற்றிய பாகங்களை ஒரு டப்பாவில் போட்டு மேலே பெயர் எழுதி வை.

இந்த வண்டி எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டு கைவைத்தால் நல்லது. இதைச் செய்த டமியா நிறுவனம் ஜப்பானின் ஷிசுவோகா நகரத்தைச் சேர்ந்தது. 1946-இல் மரத்தொழிலில் தொடங்கி, மர மாதிரிகள் செய்து, பிறகு பிளாஸ்டிக்குக்கு வந்தவர்கள். அவர்களுடைய முதல் ரேடியோ கார் 1976-இல் வந்த போர்ஷே 934. போர்ஷே மாதிரியைச் சரியாகச் செய்வதற்காக, நிறுவனத்தை நடத்திய ஷுன்சாகு டமியா உண்மையான போர்ஷே 911 ஒன்றை வாங்கி, அக்கு அக்காகப் பிரித்து அளவெடுத்தார். அந்தப் பொறுமையிலிருந்து வந்ததுதான் உன் கையிலிருக்கும் வண்டியும். ஹார்னெட் 1984-இல் வெளிவந்தது. அதே வருடம் வந்த கிராஸ்ஹாப்பரின் அடித்தொட்டியையே வாங்கிக்கொண்டு, அதன் சின்ன 380 மோட்டாருக்குப் பதில் 540 மோட்டாரை வைத்தார்கள். மணலிலும் மண்ணிலும் ஓட்டுகிற வண்டி. உலகம் முழுக்க எத்தனையோ பிள்ளைகளுக்கு அதுதான் முதல் பந்தய வண்டி. 2004-இல் டமியா இதை மறுபடி வெளியிட்டது. உனக்கு அது பெரிய உதவி. முன்சக்கரத்தைத் தாங்கும் முன்கை உடைந்தாலோ கியரின் பல் தேய்ந்தாலோ புதிதாகவே கிடைக்கும்.

பிரிக்கத் தொடங்கும்போது முதல் கவனம் திருப்புளி. ஜப்பானியத் திருகாணியின் கூட்டல் குறிக்கும், கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் திருப்புளியின் முனைக்கும் அளவு சற்று வேறு. ஜே.ஐ.எஸ். என்று கேட்டு வாங்கு. இல்லாவிட்டால் தலை வழுக்கி மழுங்கிவிடும். திரும்ப மாட்டும்போது இன்னொரு பழக்கம் வேண்டும். இந்தத் திருகாணிகள் பிளாஸ்டிக்கில் தாங்களே மரை வெட்டிக்கொண்டு இறங்கியவை. துளையில் வைத்ததும் முறுக்காதே. முதலில் இடப்பக்கமாக, கழற்றுவது போல மெதுவாகச் சுற்று. ஒரு கட்டத்தில் 'டிக்' என்று ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். பழைய மரையின் வாயில் திருகாணி விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வலப்பக்கம் முறுக்கு. இதைச் செய்யாமல் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டினால், நாலாவது தடவையில் அந்தத் துளை எதையும் பிடிக்காது.

சுத்தம் செய்யும்போது தின்னர், நகப்பூச்சு அகற்றும் திரவம் இரண்டையும் கிட்டவே கொண்டுபோகாதே. அடித்தொட்டி உருகும், மேற்கூடு வெடித்துவிடும். வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கியும் போதும். மேற்கூடு பாலிகார்பனேட். பெயின்ட்டை வெளியில் அடிப்பதில்லை, உட்புறத்தில் அடிப்பார்கள். அதனால்தான் இத்தனை கீறல் விழுந்தும் நிறம் போகவில்லை. வலப்பக்கம் தூரிகைக் கோடு கோடாகத் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். உன் அப்பா பதினாறு வயதில் அடித்த கோடு அது. அதன் மேல் கைவைக்காதே.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தொட்டிக்குள் இரண்டு சர்வோ, அதாவது ரிமோட் சொல்கிறபடி திரும்பும் குட்டி மோட்டார்ப் பெட்டிகள், இருக்கும். ஒன்று முன்சக்கரங்களைத் திருப்புவதற்கு. இன்னொன்று வேகத்துக்கு, அதிலிருந்து ஒரு மெல்லிய கம்பி போய், வட்டத் தட்டின் மேல் உரசுகிற செப்பு நாக்கை நகர்த்தும். ரிமோட்டின் குச்சியை முழுக்கத் தள்ளினால் பேட்டரி நேராக மோட்டாருக்கு இணையும். பாதி தள்ளினால் இடையில் ஒரு மின்தடை வரும். மோட்டாருக்குப் போயிருக்க வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு அங்கே வெறும் சூடாகத் தீரும். பத்து நிமிடம் மெதுவாக ஓட்டிவிட்டு அதைத் தொட்டால் விரல் பொத்துப்போகும். மெதுவாக ஓட்டினால்தான் அதிகம் வீணாகும், அதுதான் அந்த அமைப்பின் குறை.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வண்டி முழுவேகத்தில் இருக்கும்போது பேட்டரி இறங்கினால், ரிமோட்டின் சைகையை வாங்கும் ரிசீவருக்கு வேண்டிய மின்னழுத்தம் முதலில் போய்விடும். சர்வோ திரும்பி வராது, செப்பு நாக்கு முழுவேகத்திலேயே நிற்கும். மோட்டாரோ மிச்சமிருக்கும் மின்சாரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். உன் அப்பாவின் வண்டி ஒருநாள் அப்படித்தான் கைமீறி ஓடி, எங்கள் கண்ணெதிரே பெரிய வடிகாலுக்குள் விழுந்தது. படத்தில் இடது முன்கை மட்டும் நிறம் மாறித் தெரிகிறதே, அது அன்றைக்கு மாற்றியது.

இந்த இடத்தில் மின்னணு வேகக்கட்டுப்பாட்டுப் பெட்டி, கடைக்காரர்கள் சொல்வது போல இ.எஸ்.சி., உண்மையாகவே பழசைவிட மேல். அதற்குள் உரசுகிற பாகம் எதுவும் கிடையாது. மின்சாரத்தை நொடிக்கு ஆயிரம் முறை போல வெட்டி வெட்டி விடும். பாதி நேரம் திறந்திருந்தால் பாதி வேகம். சூடாக வீணாவது மிகக் குறைவு. ஹாபிவிங் 1060 போன்ற சாதாரணப் பெட்டி உனக்குத் தாராளம். அதில் இரண்டு குட்டித் தொப்பிகள் இருக்கும். ஒன்று பேட்டரி வகையைச் சொல்வது, மற்றது பின்னோக்கி ஓட வேண்டுமா வேண்டாமா என்பதைச் சொல்வது. பேட்டரித் தொப்பியைத் தப்பாக வைத்துவிட்டு யாரும் கவனிப்பதில்லை. நீ கவனி.

ரிமோட்டையும் மாற்றத்தான் வேண்டும். பழையது 27 மெகாஹெர்ட்ஸ். ரிமோட்டிலும் ரிசீவரிலும் ஜோடி ஜோடியாகப் படிகம் செருக வேண்டும். பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு நிறம். பக்கத்தில் இன்னொருவனும் மஞ்சள் வைத்திருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது, ஒருவன் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவியில் ரிமோட்டும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொள்ளும், சண்டை வராது. ஆன்டெனா 3 செ.மீ. கம்பிதான். ஆனாலும் பழைய நீளக் குழாயை அதன் இடத்திலேயே நிற்கவை. அது இல்லாத ஹார்னெட்டுக்கு முகமே வேறு.

புது ரிசீவரில் கட்டாயம் நீ செய்ய வேண்டியது ஃபெயில்சேஃப் அமைப்பு. தொடர்பு அறுந்தால் வேகம் பூஜ்யமாக வேண்டும் என்று சொல்லிவைப்பது. வண்டியைக் கட்டை மேல் ஏற்றி, சக்கரங்கள் தரையில் படாமல் சுற்றும்போது ரிமோட்டை அணைத்துப் பார். சக்கரங்கள் நின்றால்தான் வண்டியைத் தரையில் இறக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. இ.எஸ்.சி.யின் மூன்று கம்பி இணைப்பே ரிசீவருக்கும் மின்சாரம் கொடுத்துவிடும். பழைய பழக்கத்தில் ரிசீவரின் பேட்டரி வாயில் வேறு பேட்டரியும் செருகிவிடாதே. பழைய சர்வோவைப் புது ரிசீவரில் செருகுவதற்கு முன்னும் யோசி. அந்தக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் கம்பிகளை ஒவ்வொரு வரிசையில் வைத்தது. மாறிப்போனால் இரண்டும் போகும். திருப்புகிற வேலைக்குப் புது சர்வோ ஒன்று வாங்கிவிடு, சாதாரண அளவு, அதிக இழுவிசை தேவையில்லை. அச்சின் பற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: ஃபுடாபாவுக்கு 25, ஹைடெக்குக்கு 24, சான்வாவுக்கு 23. மோதலின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் சர்வோ சேவருக்குப் பொருத்தமானதா என்று கடையிலேயே மாட்டிப் பார்த்து வாங்கு. சர்வோ சேவர் இல்லாமல் ஓட்டினால் முதல் மோதலிலேயே சர்வோவின் பல் உதிர்ந்துவிடும்.

வேகத்துக்கான பழைய சர்வோ இனிச் சும்மாதான் இருக்கும். அதையும் செப்பு நாக்குத் தட்டையும் மின்தடையையும் துடைத்து, டப்பாவில் பத்திரப்படுத்து.

மோட்டாரை மட்டும் மாற்றாதே என்பது என் தீர்ப்பு. நீ பிரஷ் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் பற்றிக் கேட்டிருந்தாய். பதினைந்து வருடங்களுக்கு முன் என்னிடமும் ஒரு ஹார்னெட் இருந்தது. ஆசை யாரை விட்டது, வேகமான பிரஷ்லெஸ் மோட்டார் ஒன்றை அதில் பொருத்தினேன். மூன்றாவது சுற்றிலேயே பின்பெட்டிக்குள் கறகறவென்று சத்தம். திறந்தால் கியரின் பற்கள் வெள்ளை மாவாகக் கிடந்தன. குறை மோட்டாரில் இல்லை. அந்தக் கியர்கள் 540-க்காக வார்க்கப்பட்டவை, அதைத் தாண்டி அவற்றிடம் கேட்டது நான்தான். இருபது முப்பது வருடம் ஆன பிளாஸ்டிக் பார்வைக்குப் புதிது போலிருந்தாலும் உள்ளே முறிகிற பதத்தில் இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

பழைய வெள்ளி நிற மோட்டாரைச் சோதிக்க, ஏ.ஏ. பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்து 3 வோல்ட் கொடு. அச்சை முதலில் கையால் சுற்றிப் பார். சீராக ஓடினால் பத்து நிமிடம் அப்படியே விடு, பிரஷ்கள் இடம் பிடித்துக்கொள்ளும். இரண்டு முனையிலும் அச்சுக்கு ஒரே ஒரு துளி எண்ணெய். அதன் முதுகில் மூன்று சின்ன மின்தேக்கிகள் இருக்கின்றனவா பார். பிரஷ் உரசும்போது பறக்கிற பொறி ரேடியோவில் இரைச்சலாகப் போகாமல் அவைதான் தடுக்கின்றன. உன் படத்தில் ஒன்றின் கால் அறுந்து தொங்குகிறது. மூன்றையும் புதிதாக வைத்துவிடுவோம். ஒன்று இரண்டு முனைகளுக்கும் இடையில், மற்ற இரண்டும் ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உடலுக்கு. 0.1 மைக்ரோஃபாரட், மேலே 104 என்று அச்சிட்டிருக்கும்.

சக்கரங்களுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் புஷ்களைக் கழற்றி 11-க்கு 5 மி.மீ. பால் பேரிங் போடு. கண்ணுக்குத் தெரியாது, அச்சு தேயாது. கியர்ப்பெட்டிக்குள் கட்டியாய்க் காய்ந்த கிரீஸை வழித்தெடுத்துவிட்டுப் புதிதாகத் தடவு. டயர்கள் நம் ஊர்ப் புழுக்கத்தில் பிசுபிசுத்துப் போயிருக்கின்றன. அவற்றைக் காட்சிக்கு வைத்துக்கொண்டு, ஓட்டுவதற்கு மறுவெளியீட்டு டயர் வாங்கு.

கடைசியாக பேட்டரி. பெட்டியோடு வந்ததாக நீ படமெடுத்த பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரியின் ஓரத்தில் வெள்ளைத் தூள் பூத்திருக்கிறது. வெறுங்கையால் தொடாதே, மின்னேற்றிப் பார்க்கவும் வேண்டாம். காட்மியம் நஞ்சு. உறையில் கட்டி, குப்பையில் போடாமல் மின்கழிவுப் பெட்டியில் கொண்டுபோய்ச் சேர். தூள் பட்ட உலோக முனைகளை வினிகர் நனைத்த பஞ்சால் துடைத்து உலரவிடு.

புதிதாக லித்தியம்-பாலிமர் வாங்க ஆசைப்படுகிறாய். இரண்டு செல் உள்ளது 7.4 வோல்ட், முழுக்க ஏற்றினால் 8.4. கடைசிவரை பலம் குறையாமல் தள்ளும். ஆனால் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும், ஏற்றும்போது ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஹார்னெட்டின் அடியில் உள்ள பள்ளம் உருளைச் செல்களுக்காகச் செய்தது. சதுர மூலை உள்ள பேட்டரியை நுழைக்கச் சிலர் பள்ளத்தின் விளிம்பையே செதுக்குகிறார்கள். நீ அதைச் செய்யக் கூடாது. 7.2 வோல்ட் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி அச்சு அசலாக உட்காரும். முதல் வருடம் அதிலேயே ஓட்டு.

வேலையெல்லாம் முடிந்தபின் முதல் ஓட்டம் உன் அப்பாவுடையதாக இருக்கட்டும். அவனிடம் இப்போதே எதுவும் சொல்லாதே.

வரும் சனிக்கிழமை சிம் லிம் டவரின் மின்னணுக் கடைகளுக்குப் போய் 104 மின்தேக்கி மூன்று வாங்கி வை, சில காசுதான் ஆகும். ஞாயிறு காலை பற்றவைப்புக் கோலோடு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா