பி.எட். சேரலாமா என்று கேட்ட மருமகளுக்கு

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள மருமகளே,

கண்ணு, உன் கடிதம் வந்தது. பாப்பாவைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி நீயே வீட்டில் சொல்லிக்கொடுக்கப் போவதாகவும், அதற்கு முதலில் பி.எட். சேரலாமா என்றும் கேட்டிருக்கிறாய். இதற்காக பி.எட். சேர வேண்டாம். இப்போது அது இரண்டு வருசப் படிப்பு. நீ முடித்து வருவதற்குள் மூன்றாவது படிக்கிற பிள்ளை ஐந்தாவது வந்துவிடும். சின்ன வகுப்புக்கு என்று உள்ள ஆசிரியர் பட்டயப் படிப்பே வேறு.

சட்டம் என்ன சொல்கிறது என்று மாப்பிள்ளை கவலைப்படுவார். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் வேலை பார்க்கிற ஆசிரியருக்குத்தான் தகுதி கேட்கிறது. டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு வந்ததும் அந்தச் சட்டத்தின் வழியாகத்தான். பெற்ற பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கிற தாய்க்கு அது எந்தத் தகுதியும் வைக்கவில்லை. ஆனால் 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றவர் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆசிரியர்கள் வாசலுக்கு வருவார்கள். முகம் சுளிக்காமல் உட்காரவைத்துப் பதில் சொல். செங்கல் சூளையிலும் விசைத்தறிக் கொட்டகையிலும் கிடந்த பிள்ளைகளை இப்படித் தேடித் தேடித்தான் பள்ளிக்குக் கொண்டுவந்தார்கள்.

சான்றிதழ் இல்லாதவர் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைக்கு ஏறுமா? கொரோனாவுக்குப் பிறகு நம் மாநிலமே இதைப் பார்த்துவிட்டது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் ஒன்று முதல் ஐந்து வகுப்புக்குத் தன்னார்வலராக பிளஸ் டூ போதுமாக இருந்தது. மாசம் ஆயிரம் ரூபாய்தான் கொடுத்தார்கள். உன்னைப் போன்ற பெண்கள்தான் சாயங்காலத்தில் திண்ணையிலும் கோயில் வாசலிலும் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சகாக்களும் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. அப்படித் திரும்பியதில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் பெண்கள் கொடுத்தது.

அதற்காகப் பயிற்சி வீண் என்று நினைத்துவிடாதே. பயிற்சி எதைத் தருகிறது என்று ஒரு கணக்கை வைத்துச் சொல்கிறேன். 52இல் 27ஐக் கழிக்கச் சொன்னால் பாப்பா 35 என்று எழுதுவாள். உடனே தப்பு என்று அடித்துவிட்டுச் சரியான விடையைச் சொல்லத்தான் தாய்க்குக் கை வரும். பழகிய ஆசிரியர், “எப்படிப் போட்டே, சொல்லு” என்பார். ரெண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் ரெண்டைக் கழித்தேன் என்பாள் பிள்ளை. கோளாறு எங்கே என்று இப்போது தெரிந்துவிட்டதல்லவா? ஐந்து பத்து ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் அவள் கையில் கொடுத்து, 27 ரூபாய் எனக்குக் கொடு என்று கேள். ஒரு பத்தைச் சில்லறை மாற்றாமல் கொடுக்க முடியாது என்று அவளே கண்டுபிடிப்பாள். முப்பது முட்டை பிடிக்கிற ட்ரே உங்கள் கோழிப்பண்ணையில் அடுக்கி அடுக்கிக் கிடக்கிறது. பெருக்கலுக்கு வேறென்ன வேண்டும்? தப்பான விடைக்குள் பிள்ளை எப்படி யோசித்தாள் என்று கேட்கிற பொறுமைதான் உனக்கு வேண்டிய தகுதி. தீவனக் கணக்கும் வியாபாரி போனும் ஒரு கையில் இருக்கும்போது அந்தப் பொறுமை வராது. காலையில் இரண்டு மணி நேரம் உன்னை யாரும் கூப்பிடக் கூடாது என்று மாப்பிள்ளை ஒத்துக்கொள்கிறாரா? அதை முதலில் கேள்.

எனக்குள்ள பயம் வேறு. 1953இல், நம் சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, பாதி நாள் பள்ளி, மீதி நாள் வீட்டில் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். 1954இல் காமராஜர் வந்ததும் அது போயிற்று. போனது நல்லது. நம் வீட்டு எல்லையைத் தாண்டிப் பிள்ளை போவதற்கு வழி பள்ளிக்கூடம்தான். வேறு சாதிப் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சோறு பங்கிடுவதை நீ வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பாய்? அதனால் வீட்டில் படித்தாலும் தினமும் சாயங்காலம் தெருப் பிள்ளைகளோடு அவள் விளையாட வேண்டும். ஊர் நூலகத்தில் உறுப்பினராகச் சேர்த்துவிடு. ஆறாவதுக்கு மேல் அறிவியலுக்கும் கணக்குக்கும் தெரிந்தவர்களைத் தேடிப் போ.

பரீட்சைக்கு வழி இருக்கிறது. பன்னிரண்டரை வயது முடிந்தால் தனித்தேர்வராக எட்டாவது எழுதலாம். 14 வயதானால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுதலாம்.

டி.சி.யை இப்போது வாங்காதே. மே மாதம் முழுக்க அவளோடு தினமும் உட்கார்ந்து பார். உன் குரல் உயராமலும், அவள் உன்னைக் கண்டு ஒளியாமலும் அந்த மாதம் போனால் ஜூனில் முடிவெடு. அப்படிப் போகவில்லை என்றால் அவளைப் பள்ளியிலேயே தொடரவிட்டு, சாயங்காலம் நீ சொல்லிக்கொடு.

அன்புடன்,
அத்தை