மலைமுதல் கடல்வரை: வைகை வழியே ஒரு பிரயாணத் திட்டம்

விடுமுறை வந்ததும் வண்டியேறிப் புறப்படுதல் எளிது. செல்லும் வழியை முன்னரே வகுத்துக்கொள்ளுதல் அத்துணை எளிதன்று. மலையையும் கடலையும் ஒரே பிரயாணத்திற் காண விழையும் மாணவ நண்பர்களுக்கு வைகையாற்றினும் சிறந்த வழிகாட்டி நம் பக்கத்தில் இல்லையென்பது என் துணிபு. வருசநாட்டு மலையிற் பிறந்து 258 கிலோமீட்டர் நடந்து பாக் நீரிணையை நாடும் அந்நதியின் மேற்பள்ளத்தாக்கிலுள்ள மயிலாடும்பாறையினின்றும் புறப்படுவோமாக.

முதற்கண் ஆராயவேண்டுவது காலம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையால் மலைச்சாலைகள் சரியும். அதே மாதங்களிற் கடற்கரையைப் புயல் தாக்கும். பங்குனி, சித்திரையிலோ மலைப்புல் காய்ந்து தீக்கு இரையாகும். 2018 மார்ச்சில் போடிக்கு மேலுள்ள குரங்கணி மலையிற் காட்டுத்தீயிற் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலையேற்றத்தின்மேல் விருப்பங்கொண்டு சென்ற இளம்வயதினரே அவருட் பலர். ஆகலின் தை மாதமும் மாசியின் முற்பகுதியுமே நமக்குத் தக்க காலமாம்.

அடுத்தது வழி. தேசப்படத்தில் மயிலாடும்பாறைக்கு மேற்கே மேகமலை விரற்கடைத் தூரத்திற் கிடக்கும். யானும் நண்பர் இருவரும் ஒருமுறை அத்தூரத்தை நூலால் அளந்து, காலையுணவு மயிலாடும்பாறையில், பகலுணவு மேகமலையில் என்று முடிவு செய்தோம். சாலை தேய்ந்து வண்டிப்பாதையான இடத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "மேகமலைக்கா? தேனிக்குத் திரும்பிச் சின்னமனூர் வழியா ஏறணும், தம்பி" என்றார். அவ்வாறே சுற்றி மலையடிவாரத்தை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது; இருட்டியபின் வண்டிகளை மேலே விடுவதில்லை. பகலுணவும் போயிற்று, மலையும் போயிற்று. நூலுக்கு மலையின் உயரம் தெரியாதென்பதை எங்களில் எவரும் நினைத்திலோம். பூகோளத்தில் முதல் வகுப்பிற் தேறியவரும் எங்களுள் ஒருவர்.

எமக்கு அஃது ஒரு பகலின் இழப்பே. அப்பள்ளத்தாக்கினருக்கோ சுற்றுவழி அன்றாட வழக்கம். தெற்கே மலையைக் கடந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் அண்மையது. அங்கு இறங்க ஒரு சாலை வேண்டுமென்பது வருசநாட்டாரின் நெடுநாள் வேண்டுகோள். விளைபொருள் ஏற்றுவோரும் நோயாளியைக் கொண்டுசெல்வோரும் அதனைக் கேட்பதில் வியப்பில்லை. ஆயினும் அம்மலைக்காடு 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. வைகையின் ஊற்றுக்கண்களும் அக்காட்டினுள்ளேயே உள்ளன. இரு பக்கத்தும் நியாயம் உண்டு. வழிப்போக்கராகிய நாம் தீர்ப்புக் கூறப் புகாமல், அவ்வூராரோடு ஒரு மாலைப்பொழுது இருந்து கேட்டறிதல் நன்று. திட்டத்தில் அதற்கும் இடம் வைக்க.

இனி ஆற்றோடு வடக்கே இறங்குவோம். கடமலைக்குண்டு வரையிலும் அதற்கப்பாலும் 'மூல வைகை' பெரும்பாலும் மணலாகவே கிடக்கும். தேனிப் பக்கத்தில் முல்லைப்பெரியாற்று நீர் வந்து கலந்தபின்னரே அது ஆறெனத் தோன்றும். மேற்கே அரபிக்கடலுக்குச் சென்ற நீரைப் பென்னிகுயிக் துரையவர்கள் அணைகட்டி மலையைக் குடைந்து 1895-இல் இப்பக்கம் திருப்பியிராவிடின், 1959-இல் திறக்கப்பெற்ற வைகை அணையில் தேக்குதற்கு என்ன இருந்திருக்கும்?

மதுரை நாம் அறிந்த ஊராதலின் அதனை விரைந்து கடக்கலாம். அதற்கப்பால் கீழடியில் அரை நாளேனும் தங்குக. 2015 முதல் அகழ்ந்தெடுத்த பொருள்களுக்கு 2023-இல் அங்கேயே அருங்காட்சியகம் அமைந்துள்ளது. மானாமதுரை, பரமக்குடி கடந்தால் இராமநாதபுரம் பெரிய கண்மாய். வைகைநீர் இதிற் புகுந்து, மிஞ்சியதே ஆற்றங்கரை என்னும் ஊரருகிற் கடலை அடையும். பல ஆண்டுகளில் மிஞ்சுவதொன்றுமில்லை.

ஆறு முடிந்தவிடத்தும் சாலை முடியவில்லை. 1988-இல் திறந்த பாம்பன் சாலைப்பாலத்தின்மீது சென்றால், 1914-இன் பழைய இரயில் பாலத்திற்கு மாற்றாக 2025-இல் திறந்த புதியதைக் காணலாம். தனுஷ்கோடி 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்தது. அதன்பின் நெடுங்காலம் மணலில் நடந்தோ சிறு வண்டியிலோ சென்றனர். 2017 முதல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை உண்டு. மாலைக்குமேல் அங்கு நிற்க விடுவதில்லை; பிற்பகல் மூன்று மணிக்குள் சென்று சேரும்படி இராமேசுவரத்தினின்று புறப்படுக. குடிநீரையும் அங்கேயே நிரப்பிக்கொள்க.