சைக்கிளின் பின்னால் ஒரு சிவப்புப் புள்ளி

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது, மரக்காணத்தை ஒட்டி உப்பளப் பாத்திகள் பரந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் ஏறிவிட்டால் அங்கே நிற்பதே கடினம். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே உப்பு வாருபவர்கள் பொழுது விடிவதற்கு முன்பே வேலைக்குப் புறப்படுகிறார்கள். அவர்களில் சைக்கிளில் போவோரும் உண்டு. அதே இருட்டில், அதே சாலையில் லாரிகளும் கார்களும் விரைகின்றன. பின்னால் வரும் ஓட்டுநர் முன்னே போகும் சைக்கிளை எப்போது பார்ப்பார்? ஓர் உயிர் இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. இதற்கு விடை சொல்ல உங்கள் இயற்பியல் பாடமே போதும்.

எத்தனை மீட்டர் வேண்டும்?

ஒரு கார் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்போம். அது விநாடிக்கு 20 மீட்டர். ஓட்டுநர் ஒரு பொருளைக் கண்டு, அது இன்னதென்று உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஏறத்தாழ 1.5 விநாடி ஆகும். அதற்குள் கார் 30 மீட்டர் வந்துவிடும். பிறகு விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைவதாகக் கொண்டால், நிற்பதற்கு இன்னும் 40 மீட்டர் தேவை. (v²/2a என்ற சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 400/10 = 40.) மொத்தம் 70 மீட்டர்.

தாழ்த்திய முகப்பு விளக்கின் ஒளியில் கருநிற உடை அணிந்தவர் கண்ணில் படுவது பெரும்பாலும் 30, 40 மீட்டருக்குள் வந்த பிறகுதான். தேவையோ 70 மீட்டர்! சைக்கிளும் அதே திசையில் போவதால் கணக்கு சற்றுச் சாதகமாக மாறும். ஆனால் சைக்கிளின் வேகம் குறைவு என்பதால் ஆபத்து நீங்கிவிடாது. இந்த இடைவெளியை நிரப்புவதற்காகத்தான் சைக்கிளின் பின்னால் சிவப்பு விளக்கும் சிவப்புப் பிரதிபலிப்பானும் வைக்கிறோம்.

திரும்பி வரும் ஒளி

பிரதிபலிப்பானுக்கு மின்கலம் வேண்டாம், கம்பி வேண்டாம். ஆயினும் கார் விளக்கு பட்டதும் அது நெருப்புத்துண்டு போல ஒளிர்கிறது. எப்படி?

சாதாரண முகக்கண்ணாடியில் ஒளி சாய்வாக விழுந்தால் வேறு பக்கம் போய்விடும். வந்த வழியே திரும்பாது. இப்போது உங்கள் அறையின் ஒரு மூலையைப் பாருங்கள். இரண்டு சுவர்களும் தரையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சந்திக்கின்றன. இந்த மூன்று பரப்புகளும் கண்ணாடிகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கண்ணாடியும் ஒளிக்கதிரின் ஒரு திசைக்கூறை மட்டும் எதிராகத் திருப்பும். மூன்றிலும் பட்டபின் மூன்று கூறுகளும் திரும்பிவிடும். ஆகவே கதிர் எந்தத் திசையிலிருந்து வந்ததோ, அந்தத் திசைக்கே போய்ச் சேரும்.

சைக்கிள் பிரதிபலிப்பானின் பின்பக்கத்தில் இத்தகைய சிறு மூலைகள் நூற்றுக்கணக்கில் வார்க்கப்பட்டிருக்கின்றன. 1969இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த கருவியிலும் இதே தத்துவத்தில் அமைந்த 100 மூலைப் பட்டகங்கள் இருந்தன. 2023இல் நிலவில் இறங்கிய நமது சந்திரயான்-3இன் விக்ரம் கலத்திலும் இதுபோன்ற சிறு கருவி ஒன்று உண்டு. அதே ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், நிலவைச் சுற்றிவரும் அமெரிக்க விண்கலம் ஒன்று அதன்மீது லேசர் ஒளியைச் செலுத்தி, திரும்பிய ஒளியைப் பதிவு செய்தது. நிலவில் இருப்பதும் உங்கள் மட்கார்டில் இருப்பதும் ஒரே குடும்பம்!

உப்பு செய்யும் வேலை

இந்தச் சிறு மூலைகளில் வெள்ளிப் பூச்சு கிடையாது. முழு அக எதிரொளிப்பினால்தான் ஒளி திரும்புகிறது. பிரதிபலிப்பான் செய்யப் பயன்படும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் ஒளிவிலகல் எண் 1.49. பின்னால் காற்று இருந்தால் மாறுநிலைக் கோணம் சுமார் 42 பாகை. நேராக வரும் ஒளி மூலையின் ஒவ்வொரு முகத்திலும் ஏறத்தாழ 55 பாகையில் விழுகிறது. 55 என்பது 42ஐவிடப் பெரிது. ஆகவே ஒளி முழுவதும் திரும்பிவிடுகிறது.

பிரதிபலிப்பானில் ஒரு கீறல் விழுந்து, பின்னால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. இப்போது மாறுநிலைக் கோணம் 63 பாகையாக உயர்ந்துவிடும். 55 அதைவிடச் சிறிது. ஒளியின் பெரும்பகுதி பின்பக்கமாகக் கசிந்து போய்விடும். உப்பளத்தின் செறிந்த உப்புநீர் புகுந்தால் நிலைமை இன்னும் மோசம். நீர் வற்றி உப்புப் படிகம் ஒட்டிக்கொண்டால், அதன் ஒளிவிலகல் எண் 1.54. அது பிளாஸ்டிக்கின் எண்ணைவிடவே அதிகம். ஒட்டிய இடத்தில் முழு அக எதிரொளிப்புக்கே வழியில்லை. வெளியே பார்த்தால் சிவப்பாக, நன்றாகத்தான் தெரியும். இரவில் மட்டும் குருடாகிவிடும்.

முன்பக்கத்திலும் தொல்லை உண்டு. கடற்காற்று கொண்டுவரும் உப்பு மெல்லிய படலமாகப் படிந்து ஒளியைச் சிதறடிக்கும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலோர இரவுகளில் இது வழக்கமாக நடப்பதே. அந்த ஈரத்தில் சாலைத் தூசியும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் கழுவி, ஈரத்துணியால் துடையுங்கள். உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் மணல் கீறிவிடும்.

பிரதிபலிப்பான் மட்டும் போதுமா?

போதாது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, தொலைவு. விளக்கின் ஒளி ஒருமுறைதான் பயணம் செய்கிறது. தொலைவு இரு மடங்கானால் கண்ணுக்கு வரும் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும். பிரதிபலிப்பானுக்கோ ஒளி போகவும் வேண்டும், வரவும் வேண்டும். போகும்போது நான்கில் ஒன்று, வரும்போது நான்கில் ஒன்று. ஆக மொத்தம் பதினாறில் ஒன்று!

இரண்டாவது, உயரம். கார் விளக்கு தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்போம். தாழ்த்திய ஒளிக்கற்றையின் மேல் விளிம்பு 100 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம் இறங்குவதாகக் கொள்வோம். 30 மீட்டர் தொலைவில் அந்த விளிம்பு 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். 50 மீட்டரில் 20 சென்டிமீட்டரில் இருக்கும். அதற்கு மேலே செல்வது சிதறிய மங்கல் ஒளிதான். சில விளக்குகளில் இடப்பக்க ஒளி மட்டும் சற்று உயரும்படி அமைத்திருப்பார்கள். எல்லா வண்டியிலும் அது சரியாக இருக்கும் என்று நம்ப முடியாது.

லாரி ஓட்டுநருக்கு மற்றொரு இடர் உண்டு. பிரதிபலிப்பான் ஒளியை விளக்கை நோக்கியே திருப்புகிறது. கார் ஓட்டுநரின் கண் விளக்குக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. லாரியில் கண் வெகு உயரத்தில் இருப்பதால், திரும்பும் ஒளியின் ஓரம் மட்டுமே அவரை எட்டும். ஆகவே தானே எரியும் விளக்கு ஒன்றும் அவசியம்.

எங்கே, எப்படிப் பொருத்துவது?

பிரதிபலிப்பானைப் பின் மட்கார்டில், முகப்பு விளக்கின் ஒளி நன்கு விழும்படி தாழ்வாகப் பொருத்துங்கள். விளக்கு அதற்கு மேலே இருக்கட்டும். சீட்டுக்குக் கீழே விளக்கை வைத்துவிட்டு, கேரியரில் சாப்பாட்டுக் கூடையோ மூட்டையோ கட்டினால் விளக்கு மறைந்துபோகும். கேரியரின் பின் விளிம்பே அதற்கு ஏற்ற இடம். சட்டை, புடவை நுனி, பை எதுவும் அதன்மேல் தொங்கக் கூடாது.

விளக்கின் முகம் தரைக்கு இணையாக, நேர் பின்னோக்கி இருக்கவேண்டும். 80 சென்டிமீட்டர் உயரத்திலுள்ள விளக்கு 10 பாகை மட்டும் கீழே சாய்ந்திருந்தால், அதன் மையக்கதிர் நாலரை மீட்டரிலேயே சாலையைத் தொட்டுவிடும். 70 மீட்டருக்கு அப்பால் உள்ளவருக்கு அதனால் என்ன பயன்?

டைனமோவுடன் இணைத்த சாதாரண விளக்கு சக்கரம் சுற்றும்வரைதான் எரியும். மின்காந்தத் தூண்டலின் விதி அது. எதிர்க்காற்றில் மெதுவாக மிதித்தால் மங்கும். சாலையைக் கடக்க நின்றால் அணையும். மின்கலத்தில் எரியும் எல்.இ.டி. விளக்குக்கு அந்தக் குறை இல்லை. வாங்கும்போது மூடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். உப்பு ஈரம் உள்ளே போனால் மின்முனைகள் அரித்துவிடும். முனைகளில் லேசாக வாஸலைன் தடவுவது நல்லது. விட்டுவிட்டு எரியும் விளக்கு கவனத்தை ஈர்க்கும். ஆனால் வேறு வெளிச்சமே இல்லாத சாலையில் தொலைவையும் வேகத்தையும் கணிக்க, தொடர்ந்து எரியும் விளக்கே உதவும்.

பெடல்களில் உள்ள மஞ்சள் பிரதிபலிப்பான்களைக் கழற்றிவிடாதீர்கள். மூட்டுகளில் சில ஒளிப்புள்ளிகள் மட்டும் அசைந்தாலே, அது மனித நடை என்று நம் கண் கண்டுகொள்ளும் என்பதை ஸ்வீடன் நாட்டு உளவியலார் குன்னார் யோஹான்சன் 1973இல் விளக்கினார். மேலும் கீழும் போகும் இரண்டு மஞ்சள் புள்ளிகள் "இங்கே ஓர் ஆள் மிதித்துக்கொண்டு போகிறார்" என்று சொல்லிவிடுகின்றன.

செய்து பாருங்கள்

1. இருட்டில் உங்கள் வீட்டுச் சைக்கிளை நிறுத்தி, இருபது அடி தள்ளி நில்லுங்கள். டார்ச் விளக்கைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பிரதிபலிப்பானைப் பாருங்கள். பிறகு டார்ச்சைக் கையை நீட்டி ஒரு பக்கமாகப் பிடித்துப் பாருங்கள். வேறுபாடு ஏன்?

2. உடைந்த பழைய பிரதிபலிப்பான் ஒன்றின் பின்பக்கத்தைத் திறந்து, பாதிப் பரப்பில் மட்டும் தண்ணீர் தடவுங்கள். டார்ச் ஒளியில் எந்தப் பாதி இருளாகத் தெரிகிறது?

3. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்கு எத்தனை மீட்டர் தேவை? (விடை: 100 மீட்டர்.)

4. உங்கள் வீட்டில் விடியுமுன் வேலைக்குப் போகிறவர் யார்? அவருடைய சைக்கிளை முதல் சோதனைக்கு உட்படுத்துங்கள். பிரதிபலிப்பானில் இருண்ட திட்டுகள் தெரிந்தால், அவர் அடுத்து இருட்டில் கிளம்புவதற்குள் புதியது ஒன்றை மாட்டிவிடுங்கள்.