அழைப்பு வராத இரவுகள்

கேள்வி:

ரயில்வேயில் எனக்கு 36 வருட சர்வீஸ். 1988-ல் டீசல் அசிஸ்டெண்டாகச் சேர்ந்தேன். கூட்ஸ், பாசஞ்சர் என்று படிப்படியாக வந்து, கடைசிப் பத்து வருடம் மெயில் எக்ஸ்பிரஸ் லோகோ பைலட். ரிட்டயர் ஆகி ஏழு மாதம் ஆகிறது. கடைசி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது பிளாட்பாரத்தில் மேளம் வைத்து மாலை போட்டார்கள். பேரனை எஞ்சின் முன்னால் நிற்க வைத்துப் போட்டோ எடுத்தோம்.

முதல் இரண்டு மாதம் ரயில்வே பாஸில் திருப்பதி, குருவாயூர், பெங்களூரில் மகன் வீடு என்று சுற்றினோம். அதற்குப் பிறகுதான் ஏதோ ஆகிவிட்டது. ராத்திரி ஒன்றரை, இரண்டுக்கெல்லாம் விழிப்பு வந்துவிடுகிறது. உடனே போனை எடுத்துப் பார்க்கிறேன். டியூட்டிக்கு யாரும் கூப்பிடப் போவதில்லை என்று தெரிந்தும் பார்க்கிறேன். வீட்டிலிருந்து அரை கிலோமீட்டரில் லைன். ஹாரன் கேட்டால் எந்த வண்டி, எத்தனை நிமிடம் லேட் என்று மனசு கணக்குப் போடுகிறது. ஸ்கூட்டரில் போகும்போது சிக்னலைப் பார்த்து ‘கிரீன்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி முதலில் சிரித்தாள். இப்போது பயப்படுகிறாள்.

வீட்டில் தினமும் சண்டை. கேஸை அணைத்தாயா, பால்காரர் ஏன் லேட் என்று கேட்டால், “இத்தனை வருஷம் யார் பார்த்தாங்க?” என்கிறாள். வாரத்தில் மூன்று நாள் பழைய சகாக்களோடு சேர்ந்து இரண்டு பெக் சாப்பிடுகிறேன். சர்வீஸில் இருந்தவரை தொட்டதில்லை. பென்ஷன் வருகிறது, சுகர்கூட இல்லை, பிள்ளைகள் செட்டில் ஆகிவிட்டார்கள். ஒரு குறையும் இல்லாதவன் எதற்கு இப்படி இருக்கிறேன்? (சர்வீஸில் நாலு பேர் என் வண்டியில் அடிபட்டிருக்கிறார்கள். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.) எனக்கு மனநோயா?

பெயர் வெளியிட வேண்டாம், ஈரோடு.

மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பயப்படும்படியான நோய் எதுவும் அதில் எனக்குத் தெரியவில்லை. துக்கம் தெரிகிறது. 36 வருடம் கூடவே இருந்த ஒன்று போய்விட்டது. அதற்காக அழக்கூட இடம் கொடுக்காமல் மாலை போட்டு, மேளம் கொட்டி, “இனி நிம்மதியா இருங்க” என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வாழ்த்தில் குற்றமில்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகு, நிம்மதியாக இல்லை என்று யாரிடமும் சொல்ல முடியாமல் போய்விடுகிறது. “ஒரு குறையும் இல்லாதவன்” என்று உங்களை நீங்களே அதட்டிக்கொள்கிறீர்கள். முதலில் அந்த அதட்டலை நிறுத்துங்கள்.

இரண்டு மாதம் நன்றாகப் போய், மூன்றாவது மாதம் சரிந்தது ஏன் என்று நீங்கள் குழம்ப வேண்டாம். ராபர்ட் ஆட்ச்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு பலருக்கும் முதலில் ஒரு தேனிலவுக் காலம் வரும், அது கலைந்ததும் ஏமாற்றம் கவியும், அதன் பிறகுதான் மனசு புது வாழ்க்கையைத் தட்டித் தடவிக் கட்டிக்கொள்ளும் என்றார். எல்லோருக்கும் இதே வரிசையில் நடக்கும் என்றில்லை. உங்களுக்கு நடந்திருக்கிறது. திருப்பதியும் குருவாயூரும் லீவு. லீவு முடிந்தால் டியூட்டி இருக்கும் என்று உடம்பு காத்திருந்தது, டியூட்டி வரவில்லை.

தூக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். என்னிடம் வந்த லோகோ பைலட்டுகள் சொல்லித்தான் எனக்கும் தெரியும்: எஞ்சினில் ஒரு விழிப்புக் கருவி உண்டு. ஒரு நிமிடம் நீங்கள் எதையும் இயக்காமல் இருந்தால் விளக்கு எரியும், அடுத்து ஒலி எழும், அப்போதும் அசைவில்லை என்றால் வண்டி தானே பிரேக் போட்டுக்கொள்ளும். நிமிடத்துக்கு ஒரு தரம் ‘விழித்திருக்கிறேன்’ என்று நிரூபித்துப் பழகிய உடம்பு உங்களுடையது. சிக்னலைக் கைகாட்டி உரக்கச் சொல்வதும் அப்படித்தான். கண் பார்த்ததை வாய் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பயணிகள் தூங்கியது அந்தப் பழக்கத்தை நம்பித்தான். ஸ்கூட்டரில் ‘கிரீன்’ என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போங்கள். பின்னால் இருக்கும் உங்கள் வீட்டம்மாவும் ‘கிரீன்’ என்று திருப்பிச் சொல்லட்டும்.

இரவில் விழிப்பு வந்தால் போனைத் தொடாதீர்கள். போன் படுக்கையறையில் இருக்கவே வேண்டாம், ஹாலில் சார்ஜில் போடுங்கள். எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்து, அரை மணி நேரம் வெயில் படும்படி நடங்கள். மதியம் அரை மணி நேரத்துக்கு மேல் படுக்காதீர்கள். பகலையும் இரவையும் மாற்றி மாற்றி வாழ்ந்த உடம்புக்கு இது பகல், இது இரவு என்று மறுபடி சொல்லித்தர வேண்டியிருக்கிறது. சில மாதங்கள் ஆகலாம்.

அந்த இரண்டு பெக்கை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். டியூட்டி தொடங்க சைன் ஆன் செய்யும்போது மது சோதனைக் கருவியில் ஊத வேண்டும் என்ற நிலை, இத்தனை வருடம் உங்களுக்கு வேலியாக இருந்தது. இப்போது வேலி இல்லை. மது படுத்தவுடன் தூக்கத்தைக் கொடுத்துவிட்டு, பாதி ராத்திரியில் அதைப் பிடுங்கிக்கொள்ளும். ஒன்றரை மணி விழிப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஓய்வுக்குப் பிறகு குடியைத் தொட்டு, அதிலேயே மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சகாக்களைப் பார்க்கப் போங்கள், டீக்கடையில் பாருங்கள்.

இனி, அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதிய வரிக்கு வருகிறேன். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை என்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் இதுதான் மிக முக்கியமான வரி.

வேகத்தில் வரும் ரயிலுக்கு அவசர பிரேக் போட்டாலும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். திருப்பவும் முடியாது. ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர அந்தச் சில நொடிகளில் ஓட்டுகிறவர் செய்யக் கூடியது எதுவும் இல்லை. அதன் பிறகும் தகவல் சொல்ல வேண்டும், வண்டியை எடுக்க வேண்டும், அடுத்த ஸ்டேஷன் போக வேண்டும். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் படுத்திருப்பீர்கள். மனைவியிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டீர்கள். அடுத்த அழைப்பு வந்திருக்கும், ஓடியிருப்பீர்கள். ஓடிக்கொண்டே இருந்தவரை அந்த நாலு பேரும் பின்னால் இருந்தார்கள். நீங்கள் நின்றதும் வந்து சேர்ந்துவிட்டார்கள். நீங்கள் புதிதாகப் பலவீனமாகிவிட்டதாக இதற்கு அர்த்தமில்லை. இத்தனை நாள் இறக்கி வைக்க நேரமில்லாத சுமை அது.

உங்கள் கை அதில் இல்லை என்று உங்கள் அறிவுக்குத் தெரியும். மனசுக்கு அது தெரிய வேண்டுமானால், ஒருமுறையாவது முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உங்கள் ஊரிலேயே ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்த்து, இந்த நாலு பேரைப் பற்றி மட்டும் பேசவே நேரம் கேளுங்கள். கனவில் வருகிறார்களா, குறிப்பிட்ட ஒரு இடத்தைத் தாண்டும்போது படபடப்பு வருகிறதா என்று அவர் கேட்பார், மறைக்காதீர்கள். இதற்கென்றே நல்ல சிகிச்சை முறைகள் உண்டு. உடனே நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவையை அழையுங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கியது, கட்டணம் கிடையாது, இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

வீட்டுச் சண்டைக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய ஆய்வு உதவும். ஆஸ்திரியாவில் மரியென்டால் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்த ஜவுளி ஆலை 1930 வாக்கில் மூடப்பட்டு, ஊரே வேலை இழந்தது. மேரி யஹோடா என்ற இளம் பெண்ணும் அவருடைய சகாக்களும் அங்கே ஆய்வு செய்து 1933-ல் நூலாக வெளியிட்டார்கள். தெருவில் மக்கள் நடப்பதைக்கூட ஒளிந்திருந்து கடிகாரம் வைத்து அளந்திருக்கிறார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், வழியெல்லாம் நின்றார்கள், பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டிருந்தார்கள். பெண்கள் அதிகம் நிற்காமல் போனார்கள். வீட்டில் அடுப்பும் பிள்ளைகளும் காத்திருந்தன. அந்த மக்கள் வறுமையில் இருந்தார்கள், உங்களுக்குப் பென்ஷன் இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் ஒன்று ஒத்துப்போகிறது. உங்கள் வீட்டில் ரிட்டயர் ஆனது நீங்கள் மட்டும்தான். அம்மாவுக்கு டியூட்டி முடியவில்லை.

நடு ராத்திரியில் அழைப்பு வந்தால் எழுந்து உங்களுக்குச் சாப்பாடு கட்டியது அவர். பகலில் நீங்கள் தூங்குவதற்காகப் பிள்ளைகளை வாயைப் பொத்திக்கொண்டு விளையாடச் சொன்னதும் அவராகத்தான் இருக்கும். உங்கள் டியூட்டி நேரத்துக்கு ஏற்றபடி அந்த வீட்டை அவர் தனியாக ஓட்டி வந்திருக்கிறார். இப்போது 24 மணி நேரமும் ஒருவர் பக்கத்தில் நின்று ‘கேஸை அணைத்தாயா’ என்றால், எத்தனை அன்பாகக் கேட்டாலும் அது இன்ஸ்பெக்‌ஷன்தான். ஒரு வேலையை முழுதாக உங்கள் பொறுப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். காய்கறி என்றால் வாங்குவது, கழுவுவது, நறுக்குவது, மறுநாள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது வரை. மற்றதில் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். பிள்ளைகள் வளர்ந்ததைப் பார்க்காமல் போன வருத்தம் இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். அவரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிற வருத்தங்கள் இருக்கும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொழுது போக்க யோகா, தோட்டம், கோயில் கமிட்டி என்று எல்லோரும் பட்டியல் தருவார்கள். பொழுது போகாதது உங்கள் குறை என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் வராவிட்டால் வண்டி கிளம்பாது என்ற நிலை இருந்தது, அது போய்விட்டது. இரவில் போனில் நீங்கள் தேடுவது அதைத்தான். ஆகவே வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், யாராவது உங்களுக்காகக் காத்திருக்கும்படி ஒரு இடத்தை உண்டாக்குங்கள். உதவி லோகோ பைலட் தேர்வுக்குப் படிக்கும் பையன்களும் பெண்களும் உங்கள் ஊரில் கட்டாயம் இருப்பார்கள். கணினித் தேர்வுக்குப் படிக்கப் புத்தகம் கிடைக்கும். ராத்திரி மூன்று மணிக்கு மழையில் சிக்னல் தெரியாதபோது என்ன செய்வது, வெளியூர் ஓய்வறையான ரன்னிங் ரூமில் தூக்கம் வராதபோது என்ன செய்வது என்பதைச் சொல்ல உங்களைப் போல் ஒருவர் வேண்டும். ஞாயிறு காலை பத்து மணிக்குச் சிலர் வந்தால் போதும். பத்து மணிக்கு என்றால் பத்து மணிக்கே தொடங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. போன் வராதா என்று காத்திருப்பவர், வருகிற எந்த போனுக்கும் இளகிவிடுவார். மனை விற்பவர், பங்கில் பணம் போடச் சொல்பவர், கூட்டாகத் தொழில் செய்யலாம் என்கிற தூரத்து உறவு எல்லோரும் ஓய்வுப் பணம் வந்த வீட்டைத்தான் தேடுகிறார்கள். இந்த ஒரு வருடத்துக்குப் பெரிய தொகையில் எந்த முடிவும் வேண்டாம்.

பேரன் வந்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் சந்தோஷம் வராத நிலை, சாப்பாடு இறங்காமை, எடை குறைவது, தான் யாருக்கும் பயனில்லை என்ற நினைப்பு, செத்துவிடலாமா என்ற எண்ணம் இவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மாத்திரையும் பேச்சும் சேர்ந்து நன்றாகக் கேட்கும். அதோடு தைராய்டு, பி12 பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சோர்வுக்கு அவற்றின் குறைபாடும் காரணமாக இருக்கலாம்.

மூன்று மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அம்மா. அந்த நாலு பேரைப் பற்றி மருத்துவரிடம் பேசிவிட்டீர்களா என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.