வீட்டையும் சேர்த்துச் சோதியும்

அன்புள்ள தம்பிக்கு,

உமக்கு எரிவாயு வேலைக்கான ஜி-2 உரிமம் கிடைத்தது பெரிய சந்தோஷம். இந்தக் குளிருக்கு ஸ்காபரோவில் வீடு வீடாகத் தனியே போகப் போகிறீர். ஃபர்னஸ் நீல நிறத்தில் எரிகிறது என்று கண்டதும் கருவிப்பெட்டியை மூட வேண்டாம். புகை வீட்டைவிட்டு வெளியே போகிறதா என்று பாரும். எரிவாயு கசிந்தால் அதில் கலந்திருக்கும் மணம் காட்டிக்கொடுக்கும். புகையில் வரக்கூடிய காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

பழைய செங்கல் சிம்னி உள்ள வீடுகளில்தான் எனக்குப் பயம் அதிகம். பழைய ஃபர்னஸைக் கழற்றி உயர்திறன் ஃபர்னஸைப் பூட்டுவார்கள். அதன் புகை பிளாஸ்டிக் குழாயால் பக்கச்சுவர் வழியே போய்விடும் (அந்தக் குழாய்வாயைப் பனி மூடியிருக்கிறதா என்றும் பாரும்). சிம்னியில் மிஞ்சுவது வாட்டர் ஹீட்டர் மட்டும். இரண்டுக்கென்று கட்டிய அகலமான சிம்னியைச் சூடாக்க அதன் புகை போதாது. உள்ளே ஈரம் கோக்கும், சாந்து உதிரும், இழுவை தளரும். அளவான உலோகக் குழாயை உள்ளே இறக்காமல் அந்த வேலை முடியாது.

எங்கட சனத்தின் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. மீன் பொரிக்க, மிளகாய் வறுக்கவென்று பெரிய எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன் பூட்டியிருப்பார்கள். யன்னலெல்லாம் சாத்திய வீட்டில் அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வர வேண்டும். சிம்னி வழியே வரும், வாட்டர் ஹீட்டரின் புகையையும் திருப்பிக்கொண்டு. பேஸ்மென்டில் வாடகைக் குடும்பம் நித்திரையாக இருக்கும்.

ஆகவே கதவு யன்னல்களைச் சாத்தி, அடுப்படி ஃபேனையும் உடுப்புக் காயவைக்கும் மெஷினையும் ஓடவிட்டு, வாட்டர் ஹீட்டரை எரியவிடும். ஐந்து நிமிடம் கழித்து, புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் உள்ள திறந்த விளிம்பில் சின்னக் கண்ணாடியைப் பிடியும். ஆவி படிந்தால் புகை அறைக்குள் கொட்டுகிறது.

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வுட்ஸ்டாக் நகரில், எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு ஒரு வீட்டில் பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் இறந்தார்கள். அங்கே காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கவில்லை. 2013இல் அந்த அலாரத்துக்கான ஹோக்கின்ஸ்-ஜின்யாக் சட்டம் வந்தது அதன் பிறகுதான். இன்று படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அலாரம் கட்டாயம். ஆனால் அது அடிக்கவில்லை என்பதை வைத்து நீர் முடிவெடுக்கக் கூடாது. 70 பிபிஎம் அளவில் அது ஒரு மணிநேரத்துக்கு மேல், நான்கு மணிநேரம் வரைகூட, அடிக்காமல் இருக்கலாம். அலாரம் காலாவதியாகிவிட்டதா என்று அதன் பின்புறத்துத் திகதியையும் பாரும். வீட்டாரிடம், "காலையில் தலையிடி இருக்கா, வெளியே போனால் சுகமாகுதா?" என்று கேளும்.

கண்ணாடியில் ஆவி படிந்தால் வாட்டர் ஹீட்டரின் வாயுவை மூடி, பாவிக்கக் கூடாது என்ற டேக்கைக் கட்டும். "தம்பி, சின்னப்பிள்ளை இருக்கு, நாளைக்குப் பாப்பம்" என்று கெஞ்சுவார்கள். பிள்ளை இருப்பதால்தான் மூடுகிறேன் என்று சொல்லும். ஃபர்னஸ் தனிக்குழாயில் ஓடும் வீடென்றால் அன்றிரவு சுடுதண்ணிதான் இல்லை, வீடு குளிராது. அதையும் அவர்களுக்கு விளக்கும். சிம்னிக்குக் குழாய் இறக்க ஆள் வேண்டுமென்றால் இரவானாலும் எனக்கு அழையும், வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்