நன்னூலின் கற்றல் கூறுகளும் வகுப்பறை நூல் கலந்துரையாடல் குழுக்களும்

ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணவர் பெறுவது காற்கூறு புலமையே. உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறும், பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்பது நன்னூல் பொதுப்பாயிரத்தில் பவணந்தியார் காட்டும் நெறி. அமெரிக்கக் கல்வியாளர் ஹார்வி டேனியல்ஸ் 1994இல் விளக்கிய இலக்கிய வட்ட முறையிலும் வினா எழுப்புதல், சொற்பொருள் காணல் முதலிய பணிகள் குழுவினர்க்குப் பகிரப்படுகின்றன. நூலை முடித்த குழு வகுப்பினரோடு அதனைப் பகிர்தலும் உண்டு. நேரம் குறையும்போது எளிதில் கைவிடப்படக்கூடியது இவ்விறுதிக் கூறே. புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' கதையில் அகலிகை மீண்டும் கல்லானது ஏன் என விவாதித்த குழு, தன் விடையைக் கதைச் சான்றுடன் பிற குழுவினர்க்கு விளக்க வேண்டும். விவாதத்தோடு வகுப்பை முடிப்பது, நன்னூலின் கணக்குப்படி கல்வியைப் பாதியில் நிறுத்துவதாகும்.